ஆயிரத்து இருநூறு ஒன்றாக அச்சான இரவு: சி நிரல் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் அரிசி, பருப்பு, மாவு வகைகளை உணவகங்களுக்கும் அன்னதானக் கூடங்களுக்கும் மொத்தமாக அனுப்பும் மளிகைக் கடை ஒன்று இருக்கிறது. அதன் கிடங்கில் விநியோகச் சீட்டு அச்சிடுவதற்காக, பல ஆண்டுகளுக்கு முன் நான் சி மொழியில் ஒரு சிறு நிரலை எழுதிக் கொடுத்தேன். அது இன்றும் அங்குள்ள பழைய லினக்ஸ் கணினியில் ஓடிக்கொண்டிருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் ஓர் இரவு அந்த நிரல் செய்த குளறுபடியையும், அதைத் திருத்தப் போய் நாங்கள் புதிதாக உண்டாக்கிய இரண்டு குளறுபடிகளையும் இங்கே முழுமையாக எழுதி வைக்கிறேன். குறை என்னுடையது என்பதால் யாரையும் நோகாமல் எழுத முடிகிறது.

நிரலின் வேலை எளிது. கட்டளைவரியில், அதாவது நிரலின் பெயரைத் தட்டி இயக்கும் வரியில், அது நான்கு ஆர்கியுமென்டுகளை (பெயருக்குப் பின் கொடுக்கும் மதிப்புகளை) எதிர்பார்க்கும்: பெறுபவரின் அஞ்சல் குறியீடு, பொட்டலங்களின் எண்ணிக்கை, ஒரு பொட்டலத்தின் எடை கிலோவில், ஒரு பொட்டலத்தின் விலை வெள்ளியில் (டாலரில்). இவற்றுள் ஏதேனும் கொடுக்கப்படாமலோ வெற்றுச் சரமாகவோ வந்தால், நிரல் திரையில் கேள்வி கேட்டு, பதிலை வாங்கிக்கொண்டு வேலையைத் தொடரும். பகலில் கிடங்கு ஊழியர்கள் விசைப்பலகையின் முன் அமர்ந்து இதை இயக்குவார்கள். நாள்தோறும் அதிகாலை 2 மணிக்கு, குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கிவைக்கும் க்ரான் வழியாக ஓடும் ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளின் தொகுப்பு) ஒன்று, நிலையான ஆர்டர்கள் உள்ள கோப்பை வரிவரியாகப் படித்து, குத்துக்கோட்டால் பிரிக்கப்பட்ட நான்கு புலங்களையும் எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை இதே நிரலை அழைக்கும். நிரல் எழுதும் சீட்டுகள் ஒரே கோப்பில் சேர்ந்துகொண்டே போகும்; காலையில் முதலில் வருபவர் அந்தக் கோப்பை அச்சு இயந்திரத்துக்கு அனுப்புவார்.

நடந்தது

அன்று காலை ஆறரை மணிக்குக் கடைக்காரர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். வயதில் மூத்தவராகையால் அவரை நான் அண்ணே என்றே அழைப்பது வழக்கம். "தம்பி, பிரிண்டர் எதையுமே எடுக்கல, கம்ப்யூட்டரும் அசைய மாட்டேங்குது" என்றார். நான் போய்ப் பார்த்தபோது கணினியின் வட்டு முழுவதும் நிரம்பியிருந்தது, என் நிரல் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது, செயலியின் ஓர் உள்ளகத்தை (கோர்) முழுவதுமாக அதுவே பிடித்து வைத்திருந்தது. அதை நிறுத்திவிட்டுச் சீட்டுக் கோப்பைத் திறந்தேன். முதல் பதினாறு ஆர்டர்களுக்கான சீட்டுகள் ஒழுங்காக இருந்தன. அதன்பின் கோப்பின் இறுதிவரை 'பொட்டல எண்ணிக்கை:' என்ற கேள்வியும், தவறு, மீண்டும் உள்ளிடுக என்ற செய்தியும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தன. மொத்தம் நாற்பத்து மூன்று ஆர்டர்கள். இருபத்தேழுக்குச் சீட்டே இல்லை.

ஒழுங்காக இருந்தன என்று நான் எண்ணிய பதினாறிலும் ஒன்று ஒழுங்காக இல்லை என்பதைக் கடைக்காரரின் மகள்தான் கண்டுபிடித்தார். பலதுறைத் தொழிற்கல்லூரியில் கணினி படிக்கும் அவர் விடுமுறை நாள்களில் கடைக் கணக்கைக் கவனித்துக்கொள்வார். ஒன்பதாவது சீட்டு ஓர் அன்னதானக் கூடத்துக்கு உரியது. கேட்டிருந்தது ஒரு கிலோ உளுந்துப் பொட்டலம் 1,200. சீட்டில் இருந்ததோ 1.

ஒன்று எங்கிருந்து வந்தது

வட்டு நிரம்பியதை எல்லாரும் பார்த்தார்கள். ஆயிரத்து இருநூறு ஒன்றாகச் சுருங்கியதை ஒருவர் மட்டுமே பார்த்தார், அதுவும் தற்செயலாக. இவ்விரண்டில் எனக்கு அச்சம் தந்தது இரண்டாவதுதான், எனவே அதிலிருந்தே தொடங்கினேன்.

சி மொழியில் எழுதப்பட்ட நிரலுக்குக் கட்டளைவரியிலிருந்து எண் எதுவும் வந்து சேர்வதில்லை. வருவதெல்லாம் சரங்கள், அதாவது எழுத்துத் தொடர்கள்; 25 என்று தட்டினால் 2 என்ற எழுத்தும் 5 என்ற எழுத்தும் முடிவைக் குறிக்கும் சுழியப் பைட்டும்தான் வருகின்றன. அவற்றை எண்ணாக்குவது நிரலரின் பொறுப்பு. அதற்கு நான் பயன்படுத்தியிருந்தது ஏ-டு-ஐ (atoi) என்னும் செயற்கூறு, அதாவது சி மொழியோடு வரும் ஆயத்த நிரல்துண்டு. பாடநூல்களின் முதல் அத்தியாயங்களில் வருவது, ஒரே ஒரு சரத்தைக் கொடுத்தால் ஒரே ஒரு முழு எண்ணைத் திருப்பித் தருவது என்பதால் அனைவரும் அதில்தான் தொடங்குகிறோம். அது சரத்தின் தொடக்கத்திலுள்ள வெற்றிடங்களைத் தாண்டி, குறி இருந்தால் அதை ஏற்று, இலக்கங்கள் வரும்வரை படித்து, இலக்கமல்லாத முதல் எழுத்தில் நின்றுவிடும். நின்ற இடத்தைப் பற்றி எவருக்கும் சொல்லாது. 1,200 என்ற சரத்தில் காற்புள்ளியில் நின்றது, அதுவரை படித்த 1 என்பதைத் தந்தது. அது தன் வேலையை விதிப்படியே செய்தது.

இதைவிட மோசமான இயல்பும் அதற்கு உண்டு. உளுந்து என்று எழுதிக் கொடுத்தாலும் அது 0 தரும், 0 என்று எழுதிக் கொடுத்தாலும் 0 தரும். எண்ணே இல்லை என்பதும் எண் சுழியம் என்பதும் ஒரே விடையாக வரும்போது, அழைத்தவர் வேறுபாட்டைக் கண்டுகொள்ள வழியில்லை. எண் அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தாலோ என்ன நடக்கும் என்பதை மொழியின் தரமே வரையறுக்காமல் விட்டிருக்கிறது. இத்தனைக்கும் 1989-இல் வெளிவந்த முதல் சி தரத்திலேயே, இக்குறைகள் இல்லாத ஸ்ட்ர்-டு-எல் (strtol) என்னும் செயற்கூறும் இடம்பெற்றிருந்தது. இரண்டும் ஒரே தலைப்புக் கோப்பில் அடுத்தடுத்துக் கிடக்கும்போது எளிதானதை எடுத்தேன் என்பதைத் தவிர எனக்குச் சொல்லக் காரணம் வேறில்லை.

பதில் சொல்ல ஆளில்லாத கேள்வி

வட்டு நிரம்பிய கதை இதைவிடச் சுற்றுவழியானது. பதினேழாவது வரியில் எண்ணிக்கைப் புலம் காலியாக இருந்தது. ஆர்டரை உறுதிசெய்த பிறகு நிரப்பலாம் என்று யாரோ விட்டு வைத்திருந்தார்கள். வெற்றுச் சரத்தைக் கண்ட நிரல், தனக்குச் சொல்லிக் கொடுத்தபடி, கேள்வி கேட்டது. அதிகாலை 2 மணிக்குக் கிடங்கில் யாரும் இல்லை. ஆனால் கேள்விக்குப் பதில் வந்தது என்பதுதான் வேடிக்கை.

ஷெல் ஸ்கிரிப்ட் ஆர்டர் கோப்பைத் தன் நிலையான உள்ளீட்டிலிருந்து (நிரலுக்கு எழுத்துகள் வந்துசேரும் வழக்கமான வழியிலிருந்து) வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தது. வரிக்கு வரி திரும்பச் சுற்றும் அந்த மடக்குக்குள் அழைக்கப்படும் எந்த நிரலும் அதே உள்ளீட்டைத்தான் பெறும். எனவே என் நிரல் எத்தனை பொட்டலம் என்று கேட்டபோது, பதிலாக அதன் கையில் விழுந்தது பதினெட்டாவது ஆர்டரின் முழு வரி. அந்த வரி அஞ்சல் குறியீட்டில் தொடங்குகிறது. ஏ-டு-ஐ குத்துக்கோட்டில் நின்று ஐந்து அல்லது ஆறு இலக்க எண்ணைத் தருகிறது. கேள்வி கேட்கும் பகுதியில் மட்டும் 1 முதல் 5,000 வரை என்ற எல்லைச் சோதனையை நான் வைத்திருந்ததால், அந்த எண் தள்ளுபடியாகி மறுபடியும் கேள்வி எழுகிறது. இப்படியே ஒவ்வோர் ஆர்டராக விழுங்கி, கடைசி வரிவரை போய், கோப்பின் முடிவை அடைந்தது.

பதில் வரியை வாங்க நான் பயன்படுத்திய செயற்கூறு எஃப்-கெட்ஸ் (fgets); கோப்பு முடிந்தால் அது வெற்றுச் சுட்டியை, அதாவது எதுவும் கிடைக்கவில்லை என்ற அடையாளத்தை, திருப்பித் தரும். அப்போது வாங்குவதற்கென வைத்த இடத்தில் ஏற்கெனவே இருந்தது அப்படியே கிடக்கும். நான் அந்தத் திருப்பு மதிப்பைச் சோதிக்கவில்லை. ஆகவே நாற்பத்து மூன்றாவது ஆர்டரின் வரியையே நிரல் திரும்பத் திரும்பப் படித்து, திரும்பத் திரும்ப மறுத்து, திரும்பத் திரும்பக் கேட்டது. கேள்வி ஒன்பது எழுத்து, ஒரு முக்காற்புள்ளி, இரண்டு வெற்றிடம். யூடிஎஃப்-8 குறியீட்டில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும் மூன்று பைட்டு வேண்டும்; உயிர்க்குறியும் மெய்ப்புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் அந்த ஒன்பது எழுத்துக்குக் குறியீட்டுப் புள்ளிகள் பதினைந்து, ஆகவே கேள்வியின் நீளம் 48 பைட்டு. பத்து லட்சம் முறை கேட்டால் அதுவே 48 மில்லியன் பைட்டு, தவறுச் செய்தி தனி. தமிழில் கேட்டதால் வட்டு விரைவில் நிரம்பியது என்று கடைக்காரரின் மகள் கேலி செய்தார். ஆங்கிலத்தில் கேட்டிருந்தாலும் விடிவதற்குள் நிரம்பியிருக்கும். வட்டு நிரம்பிய பின் எழுதும் முயற்சி ஒவ்வொன்றும் தோற்றது. எழுதும் செயற்கூறான பிரின்ட்-எஃப் (printf) தரும் திருப்பு மதிப்பையும் நான் பார்க்காததால், தோற்றது தெரியாமலே நிரல் காலைவரை உழைத்தது.

எண்ணிக்கைக்கான எல்லைச் சோதனை கேள்வி கேட்கும் பாதையில் இருந்தது, ஆர்கியுமென்டைப் படிக்கும் பாதையில் இல்லை. எதிரில் ஆள் உட்கார்ந்து தட்டுவதில்தான் தவறு வரும், கட்டளைவரியில் கொடுப்பவர் யோசித்துத்தான் கொடுப்பார் என்று எழுதும்போது நினைத்திருக்க வேண்டும். இரண்டு வழியாக வருவதும் யாரோ ஒருவர் எழுதிய சரம்தான். வீட்டுக்கு இரண்டு வாசல் வைத்துவிட்டு ஒன்றுக்கு மட்டும் பூட்டுப் போட்டதைப் போன்றது நான் செய்தது.

முதல் திருத்தம்

அன்றைய சீட்டுகளைக் கையால் எழுதி அனுப்பினோம். மறுநாள் நான் வேலை நிமித்தம் வெளியே இருந்ததால், கடைக்காரரின் மகள் தாமே முதல் திருத்தத்தைச் செய்தார். ஏ-டு-ஐ இருந்த இடங்களிலெல்லாம் ஸ்ட்ர்-டு-எல் வைத்தார். இந்தச் செயற்கூறு மூன்றைக் கேட்கும்: படிக்க வேண்டிய சரம், எங்கே நின்றேன் என்பதை எழுதிவைக்க ஒரு சுட்டியின் முகவரி, எந்த அடிமானத்தில் (பத்து, எட்டு, பதினாறு என எத்தனை இலக்கங்களால் எண்ணும் முறையில்) படிக்க வேண்டும் என்ற எண். நின்ற இடமும் தொடங்கிய இடமும் ஒன்றாக இருந்தால் எண்ணே இல்லை. நின்ற இடத்தில் சரம் முடிந்திருந்தால் முழுவதும் எண். நடுவில் நின்றிருந்தால் எண்ணோடு வேறெதுவோ ஒட்டியிருக்கிறது. இதைப் பார்த்துச் சோதனையை ஒழுங்காகவே எழுதியிருந்தார். 1,200 இப்போது மறுக்கப்பட்டது.

அடிமானம் என்ற இடத்தில் அவர் 0 கொடுத்திருந்தார். பல எடுத்துக்காட்டுகளில் அப்படித்தான் இருக்கும். அடிமானம் 0 என்றால் சரத்தைப் பார்த்து நீயே முடிவு செய் என்று பொருள்: சுழியமும் எக்ஸும் முன்னால் வந்தால் பதினாறடிமானம், வெறும் சுழியம் முன்னால் வந்தால் எட்டடிமானம், மற்றவை பத்தடிமானம். சிங்கப்பூரில் 1995 முதல் வழக்கிலுள்ள ஆறிலக்க அஞ்சல் குறியீட்டில், நகர மையத்தைச் சேர்ந்தவை சுழியத்தில் தொடங்குகின்றன. மரினா பே சாண்ட்ஸின் குறியீடு 018956. எட்டடிமானத்தில் 8 என்ற இலக்கமே கிடையாது; ஆகவே படிப்பு 01 வரை போய், மதிப்பு 1 என்று சொல்லி, 8-இல் நின்றது. மிச்சம் இருப்பதைக் கண்ட சோதனை அதை மறுத்தது. தேக்கா சந்தையின் 210665 எந்தத் தடையுமின்றிப் போயிற்று. லிட்டில் இந்தியா வாடிக்கையாளர்களுக்கெல்லாம் சீட்டு வர, மரினா பக்கத்து உணவகங்களுக்கு மட்டும் வராமல் போனதற்கு இதுவே காரணம்.

மறுக்கப்பட்டது நல்லூழ். குறியீட்டில் எல்லா இலக்கமும் 7-க்குள் இருந்திருந்தால் மறுப்பும் இருந்திராது: 012345 என்ற சரத்தை எட்டடிமானத்தில் படித்தால் 5349 என்ற முழுமையான, தவறான எண் கிடைக்கும். நான் முதலில் எழுதிய ஏ-டு-ஐ எப்போதும் பத்தடிமானத்தில் படித்ததாலும், அச்சிடும்போது ஆறிலக்கத்துக்குச் சுழியத்தால் நிரப்பு என்று சொல்லியிருந்ததாலும் இந்தத் தொல்லை அதுவரை மறைந்திருந்தது. அடிமானத்தை 10 என்று மாற்றினால் போதும் என்று அவர் சொன்னார். நான் அதற்கு ஒப்பவில்லை. அஞ்சல் குறியீட்டை யாரும் கூட்டுவதுமில்லை, பெருக்குவதுமில்லை. 210665 என்பதில் முதல் இரண்டு இலக்கம் வட்டாரத்தையும் கடைசி மூன்று 665 என்ற புளோக்கையும் குறிக்கின்றன. அது இலக்கத்தில் எழுதிய முகவரி. எனவே அதை எண்ணாக்குவதையே கைவிட்டு, சரியாக ஆறு இலக்கம் உள்ளதா என்று மட்டும் பார்த்துச் சரமாகவே வைத்துக்கொண்டோம். மற்ற புலங்களுக்கு அடிமானம் 10.

எண்ணிக்கை எதிர்மறையாக வராது என்பதால் குறியற்ற எண் தரும் ஸ்ட்ர்-டு-யுஎல் பொருத்தமில்லையா என்றும் அவர் கேட்டிருந்தார். கேள்வி நியாயமானது, ஆனால் அந்தச் செயற்கூறு கழித்தல் குறியை மறுப்பதில்லை: -1 என்று கொடுத்தால், லாங் என்னும் முழு எண் வகை 64 பிட் உள்ள கணினியில், 18446744073709551615 என்று பிழைக்குறி ஏதுமின்றித் திருப்பித் தரும்.

இரவில் மட்டும்

அடுத்த இரவில் நாற்பத்து மூன்று ஆர்டர்களில் ஒன்றுக்கும் சீட்டு வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் எண் தவறு என்ற செய்தி மட்டும் இருந்தது. காலையில் அதே கட்டளையை அதே கணினியில் கையால் இயக்கினால் சீட்டு வந்தது. "மாமா, பகல்ல ஒழுங்கா ஓடுது, ராத்திரியில மட்டும் எல்லா நம்பரையும் தள்ளிவிடுது" என்று மகள் எழுதியிருந்தார். இப்படிப்பட்ட பிழையைக் கேட்டால் எனக்குத் தூக்கம் போய்விடும்.

இம்முறை தவறு என்னுடையது. கேள்வி கேட்பதற்கு முன் எதிரில் முனையம் (ஆள் அமர்ந்து தட்டும் திரையும் விசைப்பலகையும்) இருக்கிறதா என்று அறிய, நிரலின் தொடக்கத்திலேயே இஸ்-ஏ-டிடிஒய் என்னும் செயற்கூறை அழைத்து விடையைக் குறித்துக்கொள்ளுமாறு சேர்த்திருந்தேன். யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான போசிக்ஸ் தரத்திலுள்ள அந்தச் செயற்கூறு, கொடுத்த உள்ளீடு முனையமாக இருந்தால் 1 தரும், இல்லையென்றால் 0 தரும். 0 தரும்போது எர்நோ என்னும் பொதுப் பிழை மாறியில், இது முனையமன்று என்பதற்கான குறியையும் லினக்ஸில் எழுதிவைக்கும். மறுபுறம், அளவுக்கு மீறிய எண்ணைக் கண்டால் ஸ்ட்ர்-டு-எல் தன்னால் தர இயன்ற மிகப் பெரிய மதிப்பைத் தந்துவிட்டு, எர்நோவில் ஈரேஞ்ச் என்ற குறியை வைக்கும். அதைக் கண்டுபிடிப்பதற்காக நான் எழுதிய சோதனை, எர்நோ சுழியமாக இல்லையென்றால் பிழை என்பது. வெற்றி பெற்ற அழைப்பு எதுவும் எர்நோவைச் சுழியமாக்குவதில்லை; தர நூலகத்தின் எந்தச் செயற்கூறும் அதைச் செய்யாது. ஆகவே இரவில், முனையம் இல்லை என்ற பழைய குறி எர்நோவில் தங்கியிருக்க, அதன்பின் சரியாகப் படிக்கப்பட்ட ஒவ்வோர் எண்ணும் பிழையாகத் தோன்றியது. பகலில் முனையம் இருந்தது, குறி எழுதப்படவில்லை, எல்லாம் ஓடியது.

திருத்தம் இரண்டு வரி: ஸ்ட்ர்-டு-எல்லை அழைப்பதற்குச் சற்று முன் எர்நோவை நாமே சுழியமாக்க வேண்டும், அழைத்தபின் ஈரேஞ்ச்தானா என்று குறிப்பிட்டே கேட்க வேண்டும்.

இப்போதைய வடிவம்

எண் படிக்கும் வேலை முழுவதும் இன்று ஒரே செயற்கூறில் இருக்கிறது. சரம், கீழெல்லை, மேலெல்லை, மதிப்பை எழுதிவைக்கும் இடம் ஆகியவற்றை அது வாங்கிக்கொள்ளும். அது திருப்பித் தருவது எண்ணை அன்று, நேர்ந்ததை: படித்தேன், காலி, எண் அல்ல, எண்ணோடு வேறெதுவோ இருக்கிறது, எல்லைக்கு வெளியே. ஆர்கியுமென்டும் கேள்வியின் பதிலும் இதே செயற்கூறின் வழியாகவே உள்ளே வருகின்றன. எல்லைச் சோதனை லாங் வகையிலேயே நடந்து முடிந்த பிறகுதான் மதிப்பு அதைவிடச் சிறிய இன்ட் வகைக்குப் போகிறது. முன்பே மாற்றினால், 5000000000 என்பது 64 பிட் லாங்கில் இடம்பிடித்து, 32 பிட் இன்ட்டில் 705032704 ஆகிவிடும்.

எண்ணுக்குப் பின் வரும் வெற்றிடத்தை மட்டும் மன்னிக்கிறோம். இது தாராளத்தினால் அன்று. ஆர்டர் கோப்பை விண்டோஸ் மடிக்கணினியில் திருத்தியபோது ஒவ்வொரு வரியின் இறுதியிலும் கேரியேஜ் ரிட்டர்ன் என்னும் கண்ணுக்குத் தெரியாத எழுத்து சேர்ந்துகொண்டது. கடைசிப் புலமான விலையோடு அது ஒட்டிக்கொண்டு, எல்லா விலையும் தவறு என்று நிரல் சொல்ல, செய்தியில் அச்சான விலையோ பார்வைக்குச் சரியாகவே இருந்தது. வெற்றிடமா என்று சோதிக்கும் இஸ்-ஸ்பேஸ் அதையும் வெற்றிடமாகவே கொள்ளும். அந்தச் செயற்கூறுக்கு எழுத்தைக் கொடுக்கும்போது குறியற்ற கேர் (எழுத்து) வகையாக மாற்றிக் கொடுக்க வேண்டும். எங்கள் ஊழியர்கள் 12 கிலோ என்று தமிழிலும் தட்டுவார்கள். தமிழ் எழுத்தின் பைட்டுகள் எல்லாம் 127-க்கு மேற்பட்டவை என்பதால், கேர் வகை குறியுள்ளதாக இருக்கும் கணினியில் அவை எதிர்மறையாகிவிடும், எதிர்மறை மதிப்பை இஸ்-ஸ்பேஸுக்குக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. விரிதாளிலிருந்து ஒட்டும்போது வரும் பிரியா வெற்றிடத்தை நாங்கள் மன்னிக்கவில்லை. யூடிஎஃப்-8-இல் அது இரண்டு பைட்டு, இஸ்-ஸ்பேஸ் அதை அறியாது. ௧௨ என்று தமிழ் இலக்கத்தில் தட்டினாலும் ஸ்ட்ர்-டு-எல் எண்ணே இல்லை என்றுதான் சொல்லும். அப்படித் தட்டிப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

கேள்வி கேட்கும் பகுதிக்கு இப்போது நான்கு ஒழுக்கங்கள். உள்ளீடு முனையமாக இருந்தால் மட்டுமே கேட்கும். இல்லையென்றால் எந்தப் புலம் குறைகிறது என்று ஒரே வரி எழுதிவிட்டு, தோல்வியைக் காட்டும் வெளியேறு நிலை 2 என்று முடித்துக்கொள்ளும். கேள்வி, செய்திகளுக்கென்று தனியாக உள்ள பிழை வெளியீட்டுக்குப் போகும், சீட்டுகளோடு கலக்காது. லினக்ஸில் பிழை வெளியீடு தேக்கி வைக்கப்படுவதில்லை என்பதால், வரி முடியாத கேள்வி திரைக்கு வராமல் தங்கிவிடும் பழைய தொல்லையும் தீர்ந்தது. எஃப்-கெட்ஸ் வெற்றுச் சுட்டி தந்தால் அங்கேயே நிற்கும். மூன்று முறை தவறினால் கைவிடும். ஷெல் ஸ்கிரிப்டிலும் நிரலின் உள்ளீட்டை, எதுவும் தராத வெற்றுக் கோப்பான டெவ்-நல்லுக்குத் திருப்பிவிட்டோம், இனி எந்த நிரலும் அடுத்த ஆர்டரை விழுங்க முடியாது.

பதிலைப் படிக்க ஸ்கேன்-எஃப் என்னும் செயற்கூறை நான் பயன்படுத்தாதது இந்த நிரலில் நான் செய்த ஒரே நல்ல காரியம். எண்ணை எதிர்பார்க்கும் ஸ்கேன்-எஃப் எழுத்தைக் கண்டால் அதைத் தொடாமல் உள்ளீட்டிலேயே விட்டுவிடும், அடுத்த முறையும் அதே எழுத்தில் முட்டிக்கொள்ளும். அதைத் துடைக்க உள்ளீட்டின் மீது, தேங்கியதை வெளியேற்றும் எஃப்-ஃபிளஷ் போடுவதைப் பலர் செய்கிறார்கள். சி தரம் அதற்குப் பொருள் வரையறுக்கவில்லை. எஃப்-கெட்ஸிலும் ஒரு கண்ணி இருந்தது: வாங்கும் இடம் 32 பைட்டு, ஊழியர் ஒருவர் வாடிக்கையாளரின் முழுக் குறுஞ்செய்தியையும் ஒட்டிவிட்டால், முதல் 31 பைட்டு இந்தக் கேள்விக்கும் மீதி அடுத்த கேள்விக்கும் பதிலாகப் போகும். வாங்கியதில் வரிமுடிவு இல்லையென்றால் மீதியை வரிமுடிவுவரை படித்துக் கொட்டிவிட்டு, பதில் நீளம் என்று சொல்லும்படி மாற்றினோம்.

ஆர்கியுமென்ட் தரப்படவில்லை என்றால் கேட்பது சரி, தவறாகத் தரப்பட்டிருந்தால்? முனையம் இருக்கிறதே, கேட்டு வாங்கலாமே என்று மகள் வாதிட்டார். நான் நிறுத்திவிட வேண்டும் என்றேன். ஊழியர்கள் மேல் அம்புக்குறியை அழுத்தி நேற்றைய கட்டளையையே மீண்டும் ஓட்டுகிறார்கள். கேட்டுத் திருத்திக்கொண்டால் தவறான கட்டளை அப்படியே கட்டளை வரலாற்றில் தங்கி நாளையும் வரும். நிறுத்திவிட்டால் திருத்திய கட்டளைதான் தங்கும்.

விலை

இந்த நிகழ்வுக்குத் தொடர்பில்லாத இன்னொன்றும் துருவும்போது அகப்பட்டது. விலையைத் தசம எண்ணாகப் படித்து, நூறால் பெருக்கி, முழு எண்ணாக்கிக் காசாக வைத்திருந்தேன். 19.99 என்பதை இரும முறையில் துல்லியமாக எழுத முடியாது. இரட்டைத் துல்லியத்தில் நூறால் பெருக்கினால் 1998.9999999999998 வரும், முழு எண்ணாக்கும்போது பின்னம் வெட்டுப்பட்டு 1998 ஆகும். ஒரு காசு நாணயத்தை 2002-லேயே வெளியிடாமல் நிறுத்திவிட்ட ஊரில் ஒரு காசுக்காக யார் சண்டை போடுவார் என்று கடைக்காரர் சிரித்தார். 1,200 பொட்டலத்துக்கு அது 12 வெள்ளி என்றதும் சிரிப்பு நின்றது. இப்போது வெள்ளியையும் காசையும் புள்ளியில் பிரித்து, தனித்தனி முழு எண்ணாகப் படிக்கிறோம். எடை மட்டும் ஸ்ட்ர்-டு-டி வழியாகத் தசமமாகவே வருகிறது. அது நேன் (எண்ணல்லாதது), இன்ஃப் (முடிவிலி) என்ற சொற்களையும் எண்ணாக ஏற்கும் என்பதாலும், நேனைப் பெரிதா சிறிதா என்று எதோடு ஒப்பிட்டாலும் விடை பொய் என்பதாலும், எல்லைக்கு வெளியே இருந்தால் மறு என்ற சோதனையை, எல்லைக்குள் இல்லாவிட்டால் மறு என்று திருப்பி எழுதினோம். தமிழில் இரண்டும் ஒன்று போலக் கேட்கும். முதல் வடிவம் நேனை உள்ளே விட்டுவிடும்.

காற்புள்ளி

இறுதியில் தீராமல் நின்றது காற்புள்ளி. 1,200 என்று எழுதினால் நிரல் மறுக்கிறது, செய்தியும் தெளிவாக இருக்கிறது, என் கணக்கில் வேலை முடிந்தது. கடைக்காரர் ஒப்பவில்லை. "தம்பி, முப்பது வருசமா 1,200-ன்னுதான் எழுதுறேன், எனக்குப் புரியுறது அதுக்குப் புரியாதா" என்றார். காற்புள்ளியை எங்கிருந்தாலும் நீக்கிவிடலாம் என்றால், 1,20 என்று கைதவறி எழுதியதும் 120 ஆகிவிடும். லட்சக் கணக்கில் பிரிப்பவர்களும் மில்லியன் கணக்கில் பிரிப்பவர்களும் ஒரே கிடங்கில் வேலை செய்கிறார்கள் என்ற சிக்கலும் உண்டு. இரண்டு நாள் இழுபறிக்குப் பிறகு மகள்தான் வழி சொன்னார்: எண்ணிக்கைக்கு நாம் வைத்திருக்கும் மேலெல்லை 5,000, அதற்குள் காற்புள்ளி வர ஒரே ஓர் இடம்தான் உண்டு, முதல் இலக்கத்துக்குப் பின்னால், அதன்பின் சரியாக மூன்று இலக்கம். அந்த ஒரு வடிவத்தை மட்டும் காற்புள்ளி நீக்கி ஸ்ட்ர்-டு-எல்லுக்குக் கொடுப்பது, வேறெந்த இடத்தில் வந்தாலும் மறுப்பது என்று முடிவாயிற்று. அதற்கான ஏழு வரிகளை அவரே எழுதினார், எண்ணிக்கைப் புலத்துக்கு மட்டும். விலையில் காற்புள்ளி இன்றும் மறுக்கப்படுகிறது.